நுரையீரல் கட்டிகள் தானாகக் கரைந்துவிட்டன. இனி ஸ்கேன் தேவையா?

தென் மாவட்ட வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதி, அப்பாவின் மருத்துவ அறிக்கைகளின் நகல்களையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். ஊர், பெயர், மருத்துவமனை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை நோய் கிடையாது. கடந்த நவம்பரில் சிறுநீரில் ரத்தம் போனது. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் பெரிய கட்டியும், இரண்டு நுரையீரல்களிலும் சின்னச் சின்ன முடிச்சுகளும் தெரிந்தன. ரத்தப்போக்கு நிற்காததால் ஜனவரியில் சிறுநீரகத்தை எடுத்தார்கள். திசுப் பரிசோதனையில் கிளியர் செல் என்ற வகைச் சிறுநீரகப் புற்றுநோய் என்று உறுதியானது. நுரையீரலில் ஊசி போட்டு எடுக்க வேண்டிய பயாப்ஸி, அப்பாவுக்கு மூச்சுத் திணறல் இருந்ததால் தள்ளிப்போய், கடைசியில் எடுக்கப்படவே இல்லை. ‘உடம்பு தேறியதும் மருந்து தொடங்கலாம்’ என்றார் மருத்துவர். ஏப்ரலில் எடுத்த ஸ்கேனில் முடிச்சுகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. ஜூலையில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. இடையில் புற்றுநோய்க்கென்று எந்த மருந்தும் ஆஸ்பத்திரியில் கொடுக்கப்படவில்லை.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பங்குனி உத்திரத்தன்று தான் வாங்கிக்கொடுத்த சூரணம்தான் காரணம் என்கிறார் அத்தான். அம்மா தன் வேண்டுதல் பலித்துவிட்டது என்கிறார். ‘கீமோ இல்லாமலே குணமாகிவிட்டது, இனி ஸ்கேன் எடுத்து உடம்பில் கதிரை ஏற்ற வேண்டாம்’ என்பது சித்தப்பாவின் கருத்து. சூரணம் கொடுத்த வைத்தியர், அப்பாவின் ரிப்போர்ட்டுகளை வைத்து வீடியோ எடுக்கக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பாவுக்கு நோய் இன்னதென்று இதுவரை யாரும் சொல்லவில்லை. ‘கல் அடைத்துக் கிட்னி கெட்டுவிட்டது, எடுத்தாயிற்று’ என்றே நம்ப வைத்திருக்கிறார்கள். ஃபைல் அட்டையில் இருந்த ‘புற்றுநோய்’ என்ற சொல்லின் மேல் பழைய காலண்டர் தாளை ஒட்டியிருப்பதாக வாசகி எழுதுகிறார். அப்பா இப்போது ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே, எதற்கு அலைச்சல்’ என்று அடுத்த பரிசோதனைக்கு வர மறுக்கிறார். தீபாவளி முடிந்ததும் காசிக்குப் போக வேண்டுமாம்.

அன்புள்ள சகோதரி,

ஜூலை அறிக்கை நல்ல செய்தி. அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரிப்போர்ட் மாறிப் போயிருக்குமோ’ என்று நீங்கள் பயந்திருக்கிறீர்கள். நான்கு ஸ்கேன் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் இருந்த பெரிய முடிச்சை நான்கிலும் அதே இடத்தில் அளந்திருக்கிறார்கள். நவம்பரில் 14 மில்லிமீட்டர், அறுவைக்கு முன்பு ஜனவரியில் 18, ஏப்ரலில் 9, ஜூலையில் ஒரு மெல்லிய தழும்புக்கோடு மட்டும். வேறொருவர் அறிக்கை இப்படிக் கோர்வையாகப் பொருந்தாது. இவை உங்கள் அப்பாவின் படங்கள்தான்.

இப்படியும் நடக்குமா?

நடக்கும். மிக அரிதாக. சிறுநீரகத்தை எடுத்த பிறகு நுரையீரலில் பரவியிருந்த கட்டிகள் மறைந்த ஒரு நோயாளியைப் பற்றி, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பம்பஸ் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதியிருக்கிறார். பிறகு எவர்சன், கோல் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் உலகெங்கும் வெளியான இத்தகைய தகவல்களைச் சலித்து, நம்பத்தகுந்தவை என்று 176 பேருடைய விவரங்களை 1966-ல் தொகுத்தார்கள். அதில் முன்வரிசையில் இருந்த புற்றுநோய்களில் ஒன்று சிறுநீரகப் புற்றுநோய். தானாகக் குறைவது என்பதற்கு அவர்கள் வகுத்த விளக்கத்தைத்தான் இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம். அதிலேயே ஒரு எச்சரிக்கையும் உண்டு: கட்டி குறைந்தது என்பதால் நோய் குணமாகிவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது.

உங்கள் அப்பாவின் கதை இந்தப் பழைய பதிவுகளோடு நன்றாகப் பொருந்துகிறது. மறைவது பெரும்பாலும் நுரையீரல் கட்டிகள்தான். மறைவதும் பெரும்பாலும் சிறுநீரகத்தை எடுத்த பிறகுதான். ஏன் என்பதற்கு முழு விடை இல்லை. ஆனால் திசை தெரியும். சிறுநீரகப் புற்றுநோயை உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஓரளவு அடையாளம் காணக்கூடியது. பெரிய கட்டி உள்ளே இருக்கும்வரை அது அந்த எதிர்ப்பை அமுக்கிவைக்கிறது, அதை எடுத்ததும் வெள்ளை அணுக்கள் மிச்சமிருப்பதைத் தாக்கத் தொடங்குகின்றன என்பது பலரும் ஏற்கும் கருத்து. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு வியப்பான விஷயத்தை வெளியிட்டார்கள். வேறொருவரின் ரத்த மூலசெல்களைப் பெற்றபின் சிறுநீரகப் புற்றுநோய் சுருங்கிய நோயாளியின் எதிர்ப்பு அணுக்கள் எதைப் பார்த்துத் தாக்கின என்று தேடினார்கள். மனித மரபணுவுக்குள் மிகப் பழங்காலத்திலிருந்தே பதுங்கிக் கிடக்கும் ஒரு பழைய வைரஸின் எச்சம், கிளியர் செல் கட்டிகளில் விழித்துக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. இன்று இந்த நோய்க்குக் கொடுக்கும் நோய் எதிர்ப்பு ஊசிகள் எல்லாம், எப்போதாவது தானாக நடக்கும் இந்தத் தாக்குதலை வேண்டும்போது நடத்திக்காட்டும் முயற்சிகள்தான்.

அதே மாதிரி நிலையில் உள்ள மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் நுரையீரல் கட்டியும் கரைந்துவிடுமாமே’ என்று இதைப் படித்துவிட்டு யாரும் அறுவைக்கு ஓடக் கூடாது. 1970-களில் வந்த ஒரு தொகுப்பில், நோய் பரவிய பிறகு சிறுநீரகம் எடுக்கப்பட்ட 474 பேரில் கட்டிகள் தானாக மறைந்தது 4 பேருக்கு. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நோய் பரவியவர்களில் யாருக்கு அறுவை நன்மை செய்யும், யாருக்கு நேரே மருந்து தொடங்குவது நல்லது என்று ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அதற்காகச் செய்தார்கள், சரியாகவே செய்தார்கள்.

அவை புற்றுநோய் முடிச்சுகள்தானா?

நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. சிறுநீரகத்தில் இருந்தது புற்றுநோய் என்பதற்குத் திசுப் பரிசோதனை சாட்சி. நுரையீரல் முடிச்சுகளுக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. நம் ஊரில் காசநோய் முடிச்சு, பழைய கிருமித் தொற்று, புற்றுநோய் உள்ளவர்களுக்குச் சில நேரம் வரும் வேறுவகை வீக்கம் எல்லாமே ஸ்கேனில் இதே முகத்தோடு தெரியும். தானாக மறைந்ததாக உலகெங்கும் பதிவான பலருக்கும் பயாப்ஸி செய்யப்படவில்லை என்பது இந்தத் துறையின் பழைய குறை.

அப்பாவின் விஷயத்தில் எனக்குப் புற்றுநோய் முடிச்சுகளாகவே தோன்றுகிறது. இரண்டு பக்கமும் இருந்தன, உருண்டையாக இருந்தன, நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் வளர்ந்தன, எண்ணிக்கையும் ஆறிலிருந்து எட்டாகியது. காய்ச்சலோ சளியோ இல்லை. காசநோய்க்கு மருந்தும் கொடுக்கவில்லை. ஆனாலும் இது அனுமானம்தான். இப்போது போய் பயாப்ஸி எடுக்கவும் முடியாது, எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. விடை எதுவாக இருந்தாலும் அடுத்துச் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை என்பதால் இதற்காக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

சூரணத்துக்குப் பங்கு உண்டா?

தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். அறுவை ஜனவரியில். சூரணம் தொடங்கியது பங்குனி உத்திரத்தன்று. உங்கள் கணக்குப்படியே அதற்கு இரண்டு வாரம் கழித்து ஏப்ரல் ஸ்கேன், அதிலேயே கட்டிகள் பாதியாகிவிட்டன. சுருங்கும் வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது என்பதுதான் இயல்பான விளக்கம்.

இன்னொன்றையும் அத்தானிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். கனடாவில் 197 நோயாளிகளிடம் நடந்து 1998-ல் வெளியான ஆய்வு இது. எல்லோருக்கும் பரவிய சிறுநீரகப் புற்றுநோய். ஒரு பாதிப் பேருக்கு இன்டர்ஃபெரான் காமா என்ற மருந்து, மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கட்டி நன்றாகச் சுருங்கியவர்கள் மருந்துக் குழுவில் 4.4 சதவீதம், வெறும் ஊசிக் குழுவில் 6.6 சதவீதம். அந்த வெறும் ஊசிக்குப் பதிலாக அவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்தச் சூரணத்தைக் கொடுத்திருந்தால், சுருங்கிய அந்த ஆறேழு சதவீதம் பேரும் இன்று சூரணத்துக்குச் சாட்சி சொல்லியிருப்பார்கள். சுருங்காத மற்றவர்களின் குரல் எந்த வீடியோவிலும் வந்திருக்காது.

அம்மாவின் வேண்டுதல் வேறு விஷயம். அதில் நான் குறுக்கே வரப்போவதில்லை, நேர்த்திக்கடனை அவர் மனநிறைவோடு செலுத்தட்டும். சூரணம் உடம்புக்குள் போகிறது, அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் உங்கள் அறிக்கைகளில் என்னைக் கவலைப்பட வைத்தது நுரையீரல் பக்கம் இல்லை, ரத்தப் பரிசோதனைத் தாள். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், சிறுநீரகம் தளரத் தளர ரத்தத்தில் ஏறும். பிப்ரவரியில் அது 1.3. ஒரு சிறுநீரகம் எடுத்தவருக்கு அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஏப்ரலில் 1.4. ஜூலையில் 1.7. வீட்டில் எல்லோரும் கட்டி கரைந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மிச்சமிருக்கும் ஒரே சிறுநீரகம் மெல்லச் சிரமப்பட்டுக்கொண்டிருக்கிறது. சூரணத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டதற்கு ‘பரம்பரை ரகசியம்’ என்று வைத்தியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரையை அப்பா வாரத்தில் மூன்று நான்கு நாள் போடுவதாகவும் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. இரண்டுமே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், இன்றே நிறுத்துங்கள்.

நாட்டு மருந்து எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற மூலிகைகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. இந்த வகைத் தாவரம் சேர்ந்த, உடல் எடையைக் குறைக்கும் மருந்தைச் சாப்பிட்ட நூறு பெண்கள்வரை பெல்ஜியத்தில் 1990-களில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. முறையாகச் சுத்தி செய்யாத பாதரசம், ஈயம் கலந்த மருந்துகளும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. அப்பாவின் சூரணத்தில் இவை இருக்கின்றன என்று நான் குற்றம் சாட்டவில்லை. இல்லை என்று சொல்லவும் யாரும் இல்லையே. ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் கொடுக்க முடியாது. மிச்சமிருக்கும் சூரணத்தைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஒரு சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள்.

வீடியோ விஷயத்தில் உறுதியாக மறுத்துவிடுங்கள். ரிப்போர்ட்டுகள் அப்பாவுடையவை. அவர் அனுமதி இல்லாமல் வெளியிட மற்ற யாருக்கும் உரிமை இல்லை, பிள்ளைகளுக்கும்கூட. தவிர, புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இன்னொரு வீட்டில் ஒருவர் சிகிச்சையை நிறுத்திவிடக்கூடும் என்பதையும் அத்தானிடம் சொல்லுங்கள். அவர் மாமனார் மேல் உள்ள பாசத்தில்தான் அலைந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார், அதனால் பழி சொல்கிற தொனி வேண்டாம்.

மருந்து தொடங்குவதா, காத்திருப்பதா?

‘கீமோ இல்லாமலே குணமாகிவிட்டது’ என்ற சித்தப்பாவின் பேச்சில் ஒரு திருத்தம். வழக்கமான கீமோவுக்கு இந்த வகைப் புற்றுநோய் அநேகமாக அசைந்து கொடுக்காது. அதனால் கொடுப்பதும் இல்லை. கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களைத் தடுக்கும் சுனிட்டினிப், பசோபனிப், கபோசான்டினிப் போன்ற மாத்திரைகளும், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோய் எதிர்ப்பு ஊசிகளும்தான் இன்றைய சிகிச்சை. உங்கள் மருத்துவர் பேசியதும் இவற்றைப் பற்றியே.

அளந்து பார்க்கக் கட்டியே இல்லாதபோது மருந்தைத் தொடங்கினால் அது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பக்கவிளைவு மட்டும் உறுதி. மாத்திரைகளால் ரத்த அழுத்தம் ஏறும், உள்ளங்கையும் பாதமும் வெடிக்கும், வயிறு போகும். எதிர்ப்பு ஊசிகளால் தைராய்டு, குடல், கல்லீரல், நுரையீரல் எதில் வேண்டுமானாலும் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே வீக்கத்தை உண்டாக்கலாம். செலவும் லட்சங்களில். காத்திருப்பது அலட்சியமும் இல்லை. அமெரிக்கா, ஸ்பெயின், பிரிட்டன் மருத்துவமனைகளில் மெதுவாக வளரும் பரவிய சிறுநீரகப் புற்றுநோய் உள்ள 52 பேரை மருந்து தொடங்காமல் ஸ்கேனால் மட்டும் கவனித்தார்கள். அந்த ஆய்வு 2016-ல் வெளியானது. பாதிப் பேருக்கு ஏறத்தாழ 15 மாதங்கள்வரை மருந்தே தேவைப்படவில்லை. அவர்களுக்கு உடம்பில் கட்டி இருந்தது. உங்கள் அப்பாவுக்கு இப்போது அதுவும் தெரியவில்லை.

அறுவைக்குப் பிறகு ஓராண்டு பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2021-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. யாராவது இதைச் சொல்லி உங்களைக் குழப்பலாம். அதில் சேர்க்கப்பட்டவர்கள் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்களும், பரவிய கட்டிகளையும் அறுவையில் எடுத்துவிட்டவர்களும். தானாக மறைந்தவர்களைப் பற்றி அது பேசவில்லை. உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள், தவறில்லை. என் கருத்தைக் கேட்டால், இப்போதைக்கு மருந்து வேண்டாம், கண்காணிப்பு போதும்.

நோய் திரும்பினால் என்ன ஆகும் என்று பயந்திருக்கிறீர்கள். திரும்பக்கூடும், மறைக்கவில்லை. சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு. சிறுநீரகத்தை எடுத்துப் பத்து ஆண்டு கழித்துக்கூட எலும்பிலோ கணையத்திலோ தலைகாட்டும் புற்றுநோய் இது. சிலருக்குத் திரும்பாமலே போகிறது. ஆனால் 1928-ன் மருத்துவர் கையில் எதுவும் இல்லை, இன்றைய மருத்துவர் கையில் இருக்கிறது. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு எதிர்ப்பு ஊசிகளையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், ஓரளவு கடுமையான நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது, 9 பேருக்கு முழுவதும் மறைந்தது. சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் கதிரோ அறுவையோ கொண்டு அந்த ஒரு இடத்தை மட்டும் தீர்த்துவிடவும் வாய்ப்பு உண்டு.

ஸ்கேனை நிறுத்தலாமா?

கூடாது. முதல் ஓரிரண்டு ஆண்டுகள் மூன்று முதல் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். அடுத்தது அக்டோபரில். சி.டி. ஸ்கேனில் கதிர் இருப்பது உண்மை. அதன் தீங்கு பல ஆண்டுகள் கழித்து, மிகச் சிறிய அளவில் வரக்கூடியது. 63 வயதில், பரவிய புற்றுநோய் இருந்தவருக்கு, நோய் திரும்புவதைத் தவறவிடும் ஆபத்தோடு அதை ஒப்பிடவே முடியாது.

அப்பாவுக்குக் கதிரைவிடக் கவனம் வேண்டியது ஸ்கேனுக்கு முன் ஏற்றும் சாய மருந்தில். கிரியேட்டினின் 1.7 என்று ஸ்கேன் மையத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒற்றைச் சிறுநீரகம் என்றும் சொல்லுங்கள். நுரையீரலைப் பார்க்கச் சாயம் தேவையே இல்லை. வயிற்றுக்குத் தேவைப்பட்டால் அளவைக் குறைப்பதா, எம்.ஆர்.ஐ. எடுப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

அக்டோபர்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி, முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, புதிதாக வந்து விடாமல் இருக்கும் தலைவலி, வலிப்பு, சளியில் ரத்தம், மூச்சிரைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது. இதில் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டும்

நீங்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல் பிரச்சினையாகத் தெரிகிறது. கல் எடுத்தாயிற்று என்று நம்பும் மனிதர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி ஸ்கேனுக்கு ஏன் வர வேண்டும்? அவர் மறுப்பது நியாயம்தான். அவருக்குக் கொடுத்த தகவலை வைத்து அவர் சரியான முடிவைத்தான் எடுக்கிறார். நாளை முதுகு வலித்தால் மூட்டுவலி என்று நினைத்து இன்னொரு வலி மாத்திரை வாங்கிப் போடுவார்.

‘சொன்னால் உடைந்துபோவார்’ என்று எல்லாக் குடும்பங்களும் பயப்படுவதுதான். பாசத்தால் வரும் பயம், புரிகிறது. ஆனால் முப்பது ஆண்டு டிக்கெட் கொடுத்து ஆயிரம் முகங்களைப் பார்த்தவர் அவர். வீட்டில் திடீரென்று பேச்சு நிற்பதும், ஃபைலில் காலண்டர் தாள் ஒட்டியிருப்பதும், ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையும் அவர் கண்ணில் பட்டிருக்காது என்றா நினைக்கிறீர்கள்? பல நோயாளிகள் தெரிந்துகொண்டே, பிள்ளைகள் வருத்தப்படக் கூடாதென்று தெரியாததுபோல இருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒருவருக்காக ஒருவர் நடிப்பதில் எல்லோரும் தனித்தனியாகக் கஷ்டப்படுகிறார்கள்.

தன் நோயைப் பற்றித் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில் முதலில் சொல்லப்படுவதே இதுதான். அவர் தெளிவான மனநிலையில் இருக்கும்வரை அவருக்குப் பதிலாகக் குடும்பம் முடிவெடுக்க முடியாது. ‘எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளுங்கள்’ என்று அவரே சொன்னால் அதுவும் அவர் உரிமை. அதை அவரிடமே கேட்க வேண்டும்.

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. பொதுவாக நாங்கள் கெட்ட செய்தியோடுதான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும். உங்களுக்கு நல்ல செய்தி கையில் இருக்கிறது. காலைச் சாப்பாடு முடிந்து அவர் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் கேளுங்கள்: “அப்பா, உங்களுக்கு என்ன ஆபரேஷன் பண்ணாங்கன்னு நீங்க என்ன நினைக்கிறீங்க?” அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு, “ரிப்போர்ட்ல இருக்கிறதை முழுசாச் சொல்லட்டுமா?” சொல்லச் சொன்னால், “கிட்னியில இருந்தது கேன்சர் கட்டிப்பா. அதை எடுத்தாச்சு. நுரையீரல்லயும் கொஞ்சம் இருந்த மாதிரி தெரிஞ்சது, இப்ப அது மறைஞ்சிருக்கு. திரும்ப வராமப் பார்த்துக்கத்தான் ஸ்கேன். உங்ககிட்ட மறைச்சது பயத்துல, மன்னிச்சுடுங்க.” அவ்வளவு போதும். கோபப்படலாம், ஒரு நாள் பேசாமல் இருக்கலாம், அழலாம். இருக்கட்டும், விடுங்கள். சதவீதக் கணக்குகளை அவர் கேட்டால் மட்டும் பேசுங்கள். ‘எத்தனை நாள்’ என்று கேட்டால், யாராலும் சொல்ல முடியாது என்பதே உண்மையான பதில். உங்களால் முடியாது என்று தோன்றினால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் அறையில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். அந்தக் காலண்டர் தாளைப் பிரித்துவிட்டு ஃபைலை அப்பா கையிலேயே கொடுங்கள்.

காசிக்கு அவர் தாராளமாகப் போகலாம். அக்டோபர் ஸ்கேனும் கிரியேட்டினினும் முடிந்த பிறகு டிக்கெட் போடுங்கள். அறுவைச் சுருக்கம், கடைசி ஸ்கேன் அறிக்கை, மாத்திரைச் சீட்டு மூன்றின் நகலும் பையில் இருக்கட்டும், போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறையாமல் குடிக்கச் சொல்லுங்கள். வழியில் வலி வந்தால் பாராசிட்டமால் மட்டும்.

‘எனக்கும் தம்பிக்கும் வருமா’ என்ற கேள்விக்கு: 60 வயதுக்கு மேல், குடும்பத்தில் ஒரே ஒருவருக்கு வந்திருப்பதால் பரம்பரை வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. அப்பா வழியில் வேறு யாருக்காவது சிறுநீரகக் கட்டி இருந்திருந்தாலோ, இளம் வயதிலேயே வந்திருந்தாலோ மரபணு ஆலோசனை பெறுங்கள். மற்றபடி இந்தப் புற்றுநோய்க்குப் புகை, உடல்பருமன், உயர் ரத்த அழுத்தம் மூன்றும் துணை போகின்றன. நீங்கள் இருவரும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பாருங்கள். தம்பி ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இந்தக் கடிதத்தை அவரும் படிக்கட்டும்.